அனஃபோரா: முதற்சொல் பின்வருநிலை

அடுத்தடுத்து வரும் தொடர்களை ஒரே சொல்லாலோ சொற்கூட்டத்தாலோ தொடங்குவது அனஃபோரா. கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் மீண்டும், ‘ஃபெரெய்ன்’ என்றால் சுமத்தல். சொன்னதையே மீண்டும் சுமந்து வருவது என்பது நேர்ப்பொருள். மொழியியலிலும் இச்சொல் உண்டு. முன்னே வந்த பெயரை ‘அவன்’, ‘அது’ என்று பின்னால் சுட்டுவதை அங்கே அப்படி அழைப்பார்கள். இங்கே பேசுவது மேடைப்பேச்சின் அனஃபோராவைப் பற்றி.

தமிழில் இதற்கு எது நிகர்? மோனையும் எதுகையும் எழுத்தளவில் நிற்பவை. அந்தாதி ஒன்றின் இறுதியை அடுத்ததன் தொடக்கமாக்குவது. மடக்கில் எழுத்துத்தொடர் மீண்டும் வரும், ஆனால் பொருள் மாற வேண்டும். அருகில் வருவது தண்டியலங்காரம் சொல்லும் சொற்பொருள் பின்வருநிலையணி: அதே சொல், அதே பொருளில், பல இடங்களில். ‘செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்’ என்ற குறளைப் பள்ளியில் இதற்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். அந்த அணிக்கு இட வரையறை இல்லை, அனஃபோராவுக்கு உண்டு. ஆகவே ‘முதற்சொல் பின்வருநிலை’ என்பதே பொருத்தமான பெயர். ஈற்றில் மீள்வதை ‘ஈற்றுச்சொல் பின்வருநிலை’ எனலாம்.

ஒரே உத்தி இருவர் கையில் எவ்வளவு மாறுகிறது என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் தெளிவாகக் காணலாம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற தொடரை 8 முறை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வந்து சேர்கிறது: ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள், மிசிசிப்பி, தம் நான்கு பிள்ளைகள், அலபாமா. இடையே இரண்டு முறை ‘இன்று எனக்கொரு கனவு உண்டு’ என்று சின்னதாக நிறுத்துகிறார். நீண்ட தொடர்களுக்கு நடுவே கேட்பவர் மூச்சுவிட்டுக் கைதட்டும் இடம் அது. பாப்டிஸ்ட் போதகரின் பிரசங்க மேடையில் பழகிய அளவு இது. கிங்கின் மீள்வரவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்துவது.

அதே ஆண்டு நவம்பர் 10, டெட்ராய்டின் கிங் சாலமன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் மால்கம் எக்ஸ் செய்தது இதற்கு நேரெதிர். நீ மெத்தடிஸ்ட் சபை, பாப்டிஸ்ட் சபை என்பதற்காக அடிபடவில்லை; ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்பதற்காக அடிபடவில்லை; மேசன், எல்க் என எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்பதற்காகவும் அடிபடவில்லை. இரண்டிரண்டாக மூன்று மறுப்புகள். நாலாவதில் ‘அமெரிக்கன்’ என்பதும் போகிறது. அமெரிக்கனாக இருந்திருந்தால் அடியே விழுந்திருக்காதே என்கிறார். பிறகு மறுப்பு உடன்பாடாகத் திரும்புகிறது: கறுப்பன் என்பதால் அடிபடுகிறாய். கேட்பவர்களைப் பிரித்து வைத்திருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சுவது ஒன்றுதான் என்று காட்டுகிறார். கிங்கின் அடுக்கில் ஒரு படியை எடுத்தாலும் பேச்சு குலையாது. மால்கமின் கடைசித் திருப்பத்தை எடுத்துவிட்டால் முன்சொன்ன நான்கும் வீண். கிங்கின் கனவையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் கட்டமைப்பின் இறுக்கத்தில் மால்கமின் ஐந்து வாக்கியங்களே எனக்கு ஒருபடி மேலாகத் தோன்றுகின்றன.

தமிழாக்கத்தில்தான் சிக்கல். நம் வினை கடைசியில் வரும். ‘இந்த நாடு ஒருநாள் எழும் என்று கனவு காண்கிறேன்’ என்று இயல்பாக எழுதினால் மீளும் சொல் ஈற்றுக்கு ஓடிவிடும். ‘கனவு’ என்ற சொல்லை முதலில் கேட்டு, பிறகு நாட்டைப் பார்க்கும் அந்த வரிசை குலைகிறது. தீர்வு, தொடரை வெட்டுவது: ‘எனக்கொரு கனவு உண்டு. ஒருநாள் இந்த நாடு எழும்.’ கிங்கின் அதே உரையில் 4 முறை வரும் ‘நூறு ஆண்டுகள் கழிந்தும்’ என்பதற்கு இந்தத் தொல்லை இல்லை. காலம் சொல்லும் சொல் தமிழிலும் முதலில் நிற்கும். அவ்வுரையில் மீளும் ‘விடுதலை ஒலிக்கட்டும்’ என்பதையோ ஈற்றிலேயே விடலாம். அடிதோறும் ‘போற்றி’ என முடியும் பாடல்கள் பழகிய காது அதை உடனே ஏற்கும்.

மால்கமின் வரிகளுக்கு வெட்டுவது உதவாது. அங்கே வினையைப் பெயராக்கி முன்னே நிறுத்த வேண்டும்: ‘நீ அடிபடுவது மெத்தடிஸ்ட் என்பதால் அல்ல. நீ அடிபடுவது குடியரசுக் கட்சி என்பதால் அல்ல. நீ அடிபடுவது கறுப்பன் என்பதால்.’ முதற்சொல்லும் மீள்கிறது, ‘அல்ல’ மறைவதால் கடைசி வரியின் அடியும் விழுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பெரிய பிழை வேறு. கூறியது கூறல் குற்றம் என்று அஞ்சி, ஒரு முறை ‘கனவு உண்டு’, அடுத்து ‘கனாக் காண்கிறேன்’, பிறகு ‘கனவு இருக்கிறது’ என்று மாற்றிவிடுகிறார்கள். மீளும் தொடரில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. அது மூன்று நான்கு சொல்லுக்குள் அடங்க வேண்டும். குறைந்தது மூன்று முறையாவது வர வேண்டும். இரண்டு முறை வந்தால் கேட்பவருக்குத் தற்செயலாகவே படும்.