ராமேஸ்வரத்துல ஆழமா போட்டா உப்புதான் வரும்

இந்த மாசம் இது நாலாவது போன். தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி, "அண்ணே, 120 அடி இறக்கியாச்சு, உப்பாத்தான் வருது, இன்னும் 50 அடி போட்டா நல்ல தண்ணி வந்துருமா"ன்னு கேக்குறாரு. போர் வண்டிக்குப் பணம் எண்ணிக் கொடுத்த பிறகு கேக்குறாரு. நிலத்தடி நீர் பாக்குறதுதான் எனக்குத் தொழில், வண்டி வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு பணமும் மிச்சம், பக்கத்து வீட்டுக் கிணறும் தப்பிச்சிருக்கும்.

வைகை பெரிய கண்மாயைத் தாண்டி வந்தாலும் ஆத்தங்கரையோட கடல்ல விழுந்துருது, பாம்பனைத் தாண்டி நம்ம தீவுக்கு எந்த ஆறும் வர்றதில்ல. நம்ம ஆறு மணலுக்குள்ள ஓடுது. ஐப்பசி கார்த்திகை மழை மணல்மேட்டுல இறங்கி உள்ளுக்குள்ளயே மெதுவா நாலா பக்கமும் கடலைப் பாத்து நகருது, வில்லூண்டியில கடலுக்குள்ள நிக்கிற கிணத்துல நல்ல தண்ணி ஊறுதே, அது இதே தண்ணிதான்.

"மதுரைப் பக்கம் எங்க மாமா 400 அடியில எடுத்தாரே"ன்னு மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க. அது பாறை, இது சுத்தி கடல் இருக்குற மணல். இங்க நல்ல தண்ணி அடியில இல்ல, மேல இருக்கு, உப்புத்தண்ணி கனம்கிறதால அது மேல இது மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நின்னா கீழ ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி, இதுதான் கணக்கு. நடுவுல உப்பும் நல்ல தண்ணியும் கலந்த தண்ணி ஒரு படலமா இருக்கும், அதனால நிஜத்துல அவ்வளவும் கிடைக்காது. இதே கணக்கைத் திருப்பிப் பாருங்க, மோட்டார் போட்டு உறிஞ்சி மேல அரை அடி இறங்க விட்டா கீழ இருந்து உப்பு 20 அடி ஏறிரும். அப்ப 50 அடி கூடப் போட்டா என்ன வரும்? உப்புதான், முன்னைவிடக் கூடுதல் உப்பு. 100 அடி போட்டாலும் அதேதான். தனுஷ்கோடியில 1964 புயலுக்கு அப்புறமும் தங்கின சனங்க கடலுக்குப் பக்கத்துலயே கைக்கு எட்டுற ஆழத்துல ஊத்து தோண்டி சிரட்டையில மோந்து குடிச்சாங்க, யாரும் போர் போடல. கோயில் தீர்த்தங்கள்லயும் வாளி விட்டுத்தான் இறைக்கிறாங்க.

அதனால உறைக்கிணறு போடுங்க, ஒண்ணுக்குப் பதில் ரெண்டு மூணு தள்ளித்தள்ளி, ஆழம் கம்மியா. அரை குதிரை மோட்டார் போதும், விட்டு விட்டு ஓட்டுங்க. லாட்ஜ் வச்சிருக்கவங்க ராத்திரி பூரா ஓட்டுறீங்க, உங்க தெருவுல உள்ள அத்தனை வீட்டுக் கிணத்தையும் நீங்கதான் கெடுக்குறீங்க. மாசம் ஒரு தடவை டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவைப் பாருங்க, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் தாண்டுனா குடிக்க ஆகாது, அதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சா மோட்டாரை நிறுத்திருங்க. செப்டிக் டேங்கைக் கிணத்துக்குப் பக்கத்துல கட்டாதீங்க, மணல்ல எல்லாம் வடிஞ்சு வந்துரும்.

ஊருணியும் தீர்த்தமும் தூர்வாருறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல மனசோடதான் செய்யுறீங்க, ஆனா அடியில காங்கிரீட் போட்டா அது தொட்டி, ஊருணி இல்ல, மழைத்தண்ணி கீழ இறங்க வழியே இல்லாமப் போயிரும். ஜேசிபியை விட்டு ஆழமா நோண்டவும் வேணாம், சேறை மட்டும் வழிச்சு வெளிய போட்டு, வரத்துக்காலை அடைச்சிருக்குற கட்டிடக் குப்பையை எடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. மணல்மேட்டை வெட்டி வித்துறாதீங்க, அந்த மேடுதான் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கு. காவிரி கூட்டுக் குடிநீர் வருதுங்கிற தைரியத்துல இதையெல்லாம் விட்டுறாதீங்க, அது வராத நாள்ல குடத்தைத் தூக்கிட்டு எங்க போறதுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்தத் தம்பிகிட்ட போரை அப்படியே தொறந்து விடாம களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைக்கச் சொல்லியிருக்கேன், இல்லன்னா அந்தக் குழி வழியா உப்பு மேல வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு மழை விழுந்ததும் வந்து உறை இறக்க இடம் பாத்துத் தர்றேன்னு சொன்னேன், அதுவரைக்கும் மோட்டாரைத் தொடாம இருந்தா போதும்.