மாத்திரை அட்டையின் பின்பக்கம்: சட்டம் என்ன கேட்கிறது?

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஆறு மட்டும் போதும் என்று கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அச்சாகியிருந்த ஓரம் இல்லை, அது கத்தரித்த மீதியோடு கடையிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த ஓரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1945 விதிகளின் 96-ஆவது விதி சொல்கிறது: மருந்தின் பெயர், உள்ளே எவ்வளவு மருந்துச்சத்து, தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. காலாவதி 8/2027 என்று இருந்தால் ஆகஸ்ட் 31 வரை சாப்பிடலாம், முதல் தேதியோடு முடிந்துவிடாது. சிவப்புப் பெட்டிக்குள் எச்சரிக்கை இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

இனி 'மிஸ்பிராண்டட்' என்ற சொல். பலர் இதைப் போலி மருந்து என்றே நினைக்கிறார்கள், ஆனால் போலிக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு, 17பி, இருக்கிறது. 17-ஆவது பிரிவு சொல்வது வேறு: உள்ளே இருப்பது சரியான மருந்தாகவே இருக்கட்டும், லேபிள் விதிப்படி இல்லையென்றாலோ, பொய்யான அல்லது ஏமாற்றும் வாசகம் இருந்தாலோ, கெட்டுப்போனதை மறைக்க நிறமோ பூச்சோ ஏற்றியிருந்தாலோ அது மிஸ்பிராண்டட்தான். அதைத் தயாரிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் மாத்திரையைப் பார்த்து நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது, லேபிளை நம்பித்தான் விழுங்குகிறோம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 26-ஆவது பிரிவின்படி, வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையை வாங்கலாம். மருந்து ஆய்வாளரிடம் புகாரும் கொடுக்கலாம், தமிழ்நாட்டில் இது மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. இரண்டுக்கும் பில் கையில் இருப்பது நல்லது, அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது நான் அட்டையாகத்தான் வாங்குகிறேன், தேதி இல்லாத முனையிலிருந்து பிரிக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பிரித்துத்தான் வாங்க வேண்டுமென்றால், கத்தரிக்கும் முன்பே அந்த ஓரத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.