பாஸ்புக்குக்குள் இருந்த சீட்டு

போன மாதம் ஒரு கொத்தனார் காலில் புண்ணோடு வந்தார். ஆணி குத்திய காயம், மூன்று வாரமாக ஆறவில்லை. சுகர் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "போன வருஷமே கேம்ப்ல பார்த்தாங்க சார். கொஞ்சம் இருக்குன்னாங்க" என்றார். அவர் மனைவி பையைத் துழாவி, பேங்க் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். 268 என்று எழுதியிருந்தது. அது கொஞ்சம் இல்லை.

பரிசோதனை நடந்திருக்கிறது, அதில் நோயும் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஒரு வருடம் அந்தச் சீட்டு பாஸ்புக்குக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நடமாடுகிறவர்களைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் சர்க்கரை நோய்க்கு முதல் இடம் கொடுப்பது நியாயம்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இன்னும் 13 கோடிக்கும் மேல். பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பிடிக்கிற நோய் இது. பார்க்க ஒரு சொட்டு ரத்தம் போதும், மருந்தும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, வீட்டு வாசலில் சுகர் பார்ப்பது மட்டுமல்ல. மாத்திரையும் அதே வாசலுக்கு வருவதுதான்.

ஆனால் முகாமில் விரலைக் குத்திப் பார்க்கும் எண் ஒரு சந்தேகம் மட்டுமே. மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் நீட்டினால்கூட மிஷின் கூடுதலாகக் காட்டும். நோய் என்று உறுதி செய்ய, எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து நரம்பில் எடுத்த ரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம். "வெறும் வயிறுதான் டாக்டர், காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பவர்களை நான் மறுநாள் வரச் சொல்லிவிடுவேன்.

எச்பிஏ1சியிலும் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை சரியாக இருந்தும் அது கூடுதலாகக் காட்டலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதனால் பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். கொத்தனாரின் மனைவியையும் உட்கார வைத்தேன். "அவருக்குத்தானே சுகர், எனக்கு எதுக்கு?" என்றார். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.2 இருந்தது. மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இவர்கள் இப்படியென்றால், நேர் எதிராகவும் ஆட்கள் வருகிறார்கள். பண்டிகைத் தள்ளுபடியில் 80 டெஸ்ட் எடுத்துவிட்டு, தடித்த எழுத்தில் இருப்பதையெல்லாம் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு வருவார்கள். லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருக்கும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாதவருக்குக்கூட ஏதாவது ஒன்று எல்லை தாண்டிக் காட்ட 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. 80 எடுத்தால் தப்பிப்பதுதான் அதிசயம்.

ஒரு பெண் சிஏ-125 என்ற ரத்த டெஸ்ட் சற்றே கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, கருப்பைப் புற்றுநோயோ என்று இரண்டு வாரம் தூங்காமல் வந்தார். முதலில் அது கருப்பைக்கான டெஸ்ட்டே இல்லை, சினைப்பைக்கானது. அதுவும் மாதவிடாய் நாட்களிலும் கூடும், கருப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், வயிற்றுக் காசநோயிலும் கூடும். ரத்தம் கொடுத்த அன்று அவருக்கு மாதவிடாய் இரண்டாம் நாள். அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் எடுக்க வேண்டிய டெஸ்ட் அல்ல அது. பேக்கேஜில் ஏன் சேர்க்கிறார்கள் என்பதை லேப்காரர்தான் சொல்ல வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் 95 சதவீதம் சரியாகச் சொல்கிற ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயை அதை வைத்து ஒரு லட்சம் பேரிடம் தேடினால், உண்மையாகவே நோயுள்ள 95 பேர் சிக்குவார்கள். கூடவே ஒன்றுமில்லாத 4,995 பேரும். அதே டெஸ்ட்டால் பத்தில் ஒருவருக்கு வரும் நோயைத் தேடினால், சிக்குகிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். டெஸ்ட் ஒன்றுதான், எதைத் தேடுகிறோம் என்பதுதான் மாறுகிறது.

1968இலேயே வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக, அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடுவதற்குப் பத்து விதிகள் எழுதினார்கள். கண்டுபிடித்தவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க வசதி தயாராக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முகாம் போடும் சங்கங்களும் மன்றங்களும் என்னைக் கூப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: 200க்கு மேல் வந்தவரை நாளைக்கு எங்கே அனுப்பப் போகிறீர்கள், அவர் போனாரா என்று யார் போன் செய்து கேட்பது? பதில் இல்லையென்றால், பேனர் செலவைக் குறைத்து அதற்கு ஓர் ஆளைப் போடச் சொல்வேன். சிலர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுவதில்லை.

கொத்தனாரின் கால்விரல் தப்பிவிட்டது. அந்தப் பழைய சீட்டு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. 268க்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக இருக்கிறது. 'வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவும்' என்று எழுத அதில் தாராளமாக இடம் இருந்தது.