கஷாயம், கியாழம், குடிநீர்

மூலிகையை நீரில் அவித்து, சுண்டவிட்டு வடித்த சாரம். பேச்சில் கசாயம். கொழும்பு வீடுகளில் 'மல்லி அவிச்ச தண்ணி' என்பதும் இதில் ஒரு வகைதான்.

வடமொழியில் 'கஷாய' என்றால் துவர்ப்பு; செம்பழுப்பு நிறத்துக்கும் அதே சொல். துறவியின் காவியுடை காஷாயம் ஆனதும், சிங்களத்தில் பிக்குவின் அங்கி கசாவத ஆனதும் இந்த வேரிலிருந்துதான். பட்டையும் வேரும் அவித்த நீரில் தோய்த்த துணி அது. சாயச் சட்டியிலும் மருந்துச் சட்டியிலும் நடப்பது ஒன்றே: பட்டையிலுள்ள தனின் வெந்நீரில் இறங்குகிறது. நாக்கில் துவர்ப்பதும் நீரைப் பழுப்பாக்குவதும் பெரும்பாலும் அதுதான்.

கியாழம் பழைய ஏடுகளில் உள்ள வடிவம். இன்று அதிகம் புழங்குவதில்லை. சித்த மருத்துவத்தின் குடிநீர் நல்ல தமிழ், நிலவேம்புக் குடிநீர் என்பதுபோல. ஆனால் கொழும்பில் வெறுமனே குடிநீர் என்று எழுதினால் குழாய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். மூலிகைப் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். கொதிநீர் ஊற்றி மூடிவைப்பது ஊறல், அது வேறு. ஆய்வுகூடச் செய்முறைக்கு வெந்நீர்ப் பிரித்தெடுப்பு பொருந்தும்.

நாட்டு வைத்தியக் கணக்கு எட்டுக்கு ஒன்று. புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் விற்கும் பஸ்பங்குவவை (மல்லி, வேர்க்கொம்பு, மரமஞ்சள், பற்பாடகம், கண்டங்கத்தரி) 60 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து, 1,920 மில்லிலீற்றர் நீரில் அரைமணி ஊறவிட்டு, சிறுதீயில் 240 ஆகும்வரை அவித்து, சூட்டோடு வடிக்க வேண்டும். பெருந்தீயில் நீர்தான் சுண்டும், தண்டின் சாரம் உள்ளேயே நின்றுவிடும். மாவாக அரைத்தால் வடிதுணி அடைக்கும். இரும்புச் சட்டி கூடவே கூடாது: தனினும் இரும்பும் சேர்ந்து மைபோலக் கறுக்கும். மல்லியின் மணம் ஆவியோடு போய்விடும். வேண்டுமானால் அதில் ஒரு பங்கை இறக்கும்போது போட்டு மூடலாம். அன்றே குடித்து முடிக்க வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். சக்கையை உரக்குழியில் போடலாம்.

ஹெக்சேன், மெதனோல் போன்ற கரைப்பான்களைத் தவிர்க்க, ஆய்வுகூடங்களில் நீரை அழுத்தத்தில் வைத்து 100 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். வெப்பம் ஏற ஏற நீரின் முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் தன்மை; எது எதில் கரையும் என்பதை இது பெரிதும் தீர்மானிக்கும்) குறையும். 250 பாகை செல்சியசில் மெதனோலை நெருங்கிவிடும். அப்போது சாதாரண நீரில் கரையாதவையும் கரையும், வெப்பம் தாங்காதவை சிதையும். வீட்டுப் பிரஷர் குக்கர் அதற்கு ஈடல்ல: சுமார் 120 பாகையோடு நின்றுவிடும், மிதந்து வரும் சக்கை ஆவித்துளையை அடைக்கவும் கூடும்.