உலகம் புனைதல்: ‘உலகக் கட்டமைப்பு’ ஏன் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கேரளத்தின் பாலக்காட்டில் உள்ள எங்கள் எல்லைப் பக்கத்தில் தமிழ் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், இப்போதெல்லாம் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களும் பேச்சில் வந்துவிடுகின்றன. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பேச்சில் தவறாமல் ஒரு சொல் விழுகிறது. “இதில் உலகக் கட்டமைப்பு பிரமாதம்.” “அதில் உலகக் கட்டமைப்பு சரியில்லை.” நூல் மதிப்புரைகளிலும் இதுதான், திரைப்பட விமர்சனங்களிலும் இதுதான். ‘வேர்ல்ட் பில்டிங்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்கிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதாவது புரிகிறது. உலகக் கட்டமைப்பு என்பது தமிழ்ச் சொற்களால் ஆனது, ஆனால் தமிழில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது.

முதலில் மூலச் சொல். ‘வேர்ல்ட் பில்டிங்’ கதைக்காரர்கள் உண்டாக்கிய சொல் அல்ல. வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1928இல் வெளியிட்ட இயற்பியல் நூலின் ஓர் அத்தியாயத்துக்கே அதுதான் தலைப்பு. பிறகு அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மிகுபுனைவுக்கு வந்தது. கதை நடக்கும் இடம், அதன் மண், மக்கள், உயிர்கள், வழக்கங்கள் எல்லாவற்றையும் ஆசிரியர் தாமே உண்டாக்கி, படிக்கிறவர் அங்கே போய் வந்ததுபோல் உணரச் செய்வது என்பது பொருள். ‘ஃபேன்டஸி’ கிரேக்கத்தின் ஃபான்டசியாவிலிருந்து வந்தது. கண்முன் தோன்றச் செய்வது என்ற கருத்து அதன் வேரில் இருக்கிறது. இவ்வளவு போதும்.

இனி உலகக் கட்டமைப்புக்கு வருவோம். தமிழில் ‘உலக’ என்று தொடங்கும் தொடர்களை நினைத்துப் பாருங்கள்: உலக வங்கி, உலகக் கோப்பை, உலகப் போர், உலக இலக்கியம். எல்லாவற்றிலும் உலகம் என்பது நாம் வாழும் இந்த உலகம்தான். உலகளாவிய என்பதுதான் பொருள். அந்த வரிசையில் உலகக் கட்டமைப்பைப் போட்டால், உலக நாடுகளின் அதிகார அமைப்பு என்றோ பொருளாதார ஒழுங்கு என்றோதான் காது எடுத்துக்கொள்ளும். இல்லாத ஓர் உலகத்தை ஒருவர் உண்டாக்கினார் என்ற பொருள் அதிலிருந்து எந்த வழியிலும் கிடைக்காது. முன்பே ஆங்கிலச் சொல்லை அறிந்தவருக்குத்தான் அது புரியும். ஆங்கிலம் தெரிந்தால்தான் விளங்கும் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது கட்டமைப்பு. செய்தித்தாள் தமிழில் இந்தச் சொல்லுக்கு வேலை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சாலை, பாலம், வடிகால், மின்கம்பி எல்லாம் உள்கட்டமைப்பு. கட்சிக்குக் கிளைக் கட்டமைப்பு. அதாவது சட்டகம், எலும்புக்கூடு, மேலிருந்து பார்த்தால் தெரியும் ஒழுங்கு. மேலும் அது முடிந்துபோன ஒரு பொருளின் பெயர். மூலச் சொல்லோ ஒரு செயலைச் சொல்கிறது, எழுதுகிறவர் பக்கத்துக்குப் பக்கம் செய்துகொண்டே போகும் வேலையை.

இது வெறும் சொல் சண்டை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். சொல் தப்பானால் எழுத்தும் தப்பாகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். புதிதாக மிகுபுனைவு எழுதும் இளைஞர்கள் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து காட்டுவது உண்டு. முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கும். அடுத்து அரச வம்சத்தின் பட்டியல், படைப்பிரிவுகளின் பெயர்கள், மந்திர சக்தியின் படிநிலைகள். கட்டமைப்பு என்ற சொல் எதைக் கேட்கிறதோ அது எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒருவரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. காட்டில் எந்த மரம் என்று தெரியாது. நகரத்தில் அழுக்குத் துணியை யார் துவைக்கிறார்கள், செத்தவரை எங்கே கொண்டுபோகிறார்கள், குழந்தையை எந்தப் பெயர் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், எதுவும் கிடையாது. கேட்டால், “உலகக் கட்டமைப்புதான் முழுசா இருக்கே அண்ணா” என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த சொல் அப்படிப்பட்டது.

ஓர் உலகம் எதனால் மெய்யாகத் தோன்றுகிறது என்பதைத் தொல்காப்பியம் எப்போதோ பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ், இவை போன்ற பிற. இந்தப் பட்டியலில் அரசன் பெயர் வரவில்லை, வரைபடம் வரவில்லை. அந்த நிலத்தில் மக்கள் எதைத் தின்கிறார்கள், எந்த ஓசையைக் கேட்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இவை ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்க வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவைப் பற்றிக் கதை எழுதுகிறவர் தென்னையைச் சொன்னால் கள் இறக்குகிறவரையும் சொல்ல வேண்டியிருக்கும், விடியலில் கள் ஏற்றிக்கொண்டு மற்ற மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகளையும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மரம் தன்னோடு ஒரு தொழிலை, ஒரு நேரத்தை, ஒரு வாசனையை இழுத்துக்கொண்டு வருகிறது. கற்பனை நாட்டு மரத்துக்கும் இதே சட்டம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கருப்பொருள் என்ற இந்த அருமையான சொல்லை நம் காலம் வீணடித்துவிட்டது. ‘மாநாட்டின் கருப்பொருள்’, ‘இந்த ஆண்டு சுற்றுச்சூழல் நாளின் கருப்பொருள்’ என்று மையக் கருத்துக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மையக் கருத்து என்ற எளிய சொல் கையில் இருக்கும்போது இது தேவையே இல்லை. அப்புறம், நாவலுக்குள் உள்ள மரத்தையும் பறையையும் குறிக்கச் சொல் வேண்டும் என்கிறபோது கை காலியாக இருக்கிறது.

உயிர்களைப் பற்றியும் இதே பேச்சுதான். பயங்கரமாக வருணித்துவிட்டால் ஒரு விலங்கு நம்பும்படி ஆகிவிடாது. அது எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எது அதனால் முடியாது என்பது தெரிய வேண்டும். சங்கப் பாடல்களில் வரும் ஆளி என்ற விலங்கைப் பாருங்கள். அதற்கு நீண்ட வருணனை கிடையாது. யானையின் வெண்தந்தத்தைப் பிடுங்கி உள்ளிருக்கும் குருத்தைத் தின்கிறது என்று அகநானூறு சொல்கிறது. அந்த ஒரு தீனியிலேயே அதன் வலிமை, உயரம், பல், நகம் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அசுணம் என்றோர் உயிர். வண்டுக் கூட்டத்தின் ஒலியை யாழென்று எண்ணி மலைப்பிளவுக்குள் இருந்து காது கொடுக்கிறது. யாழிசையில் மயங்கும், பறை கேட்டால் உயிர் விடும் என்பது அதைப் பற்றிய மரபு. ஏமாறக்கூடிய விலங்கு என்பதால்தான் அது உயிருள்ள விலங்காகத் தெரிகிறது.

எங்கள் பக்கத்து ஒடியனும் இப்படித்தான். பாலக்காட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் ஒடியன் காளையாக, எருமையாக, நாயாக உருமாறுவான். ஆனால் உரு முழுதாக அமையாது, ஒரு கால் குறையும், அல்லது வேறு ஏதாவது குறையும். அதனால் இருட்டில் எதிரே காளை வந்தால் முதலில் காலை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் குறை மட்டும் இல்லாவிட்டால் ஒடியன் வெறும் மாயக்காரன், யாருக்கும் நினைவில் நின்றிருக்க மாட்டான். யட்சியும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பனைக்கடியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். சுண்ணாம்பு கேட்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

பள்ளிக்கூடத்தில் இல்பொருள் உவமைக்குச் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு, காளை கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது என்பது. கொம்பும் உண்மை, குதிரையும் உண்மை, சேர்க்கை மட்டும் புதிது. உள்ளதைச் சேர்த்து இல்லாததை உண்டாக்கும் இந்த வேலைக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. அது புனைதல். மாலை தொடுப்பதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல், அழகுபடுத்துவதும் புனைதல், செய்யுள் அமைப்பதும் புனைதல். ஃபேன்டஸிக்கு நாம் வைத்திருக்கும் மிகுபுனைவு, கனவுருப்புனைவு இரண்டு சொற்களும் புனைவில்தான் முடிகின்றன. நூலின் வகைக்குப் புனைவு என்று சொல்லிவிட்டு, அதன் உலகத்துக்கு மட்டும் கொத்தனார் வேலையைக் கொடுப்பது பொருந்தவில்லை.

ஆகவே செயலுக்கு ‘உலகம் புனைதல்’, அதனால் உண்டாவதற்குப் ‘புனைவுலகு’. உலகப் புனைவு என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அது உலக இலக்கியம் போலாகிப் பழைய குழப்பத்துக்கே கொண்டுபோகும். உலகாக்கம் என்பாரும் உண்டு. அது உலகமயமாக்கலுக்கு மிக அருகில் நிற்பதால் வேண்டாம்.

எதிர்வாதங்கள் வரும். பாட்டுக் கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம், வேஷம் கட்டுகிறோம், உலகம் கட்டினால் என்ன என்பார்கள். கட்டுதல் மேல் எனக்குப் பகை இல்லை, ‘உலகம் கட்டுதல்’ என்று வினையாகவே சொன்னால் கட்டமைப்பைவிட நூறு மடங்கு மேல். ஆனால் கதையோடு சேரும்போது கட்டு பொய்யாகிவிடுகிறது. கட்டுக்கதை என்பதற்கு நல்ல பொருளே கிடையாது. புனைசுருட்டு என்றும் சொல் இருக்கிறதே என்று மடக்குவார்கள். இருக்கிறது. ஆனால் புனைகதை, புனைபெயர் என்று மதிப்போடு நாள்தோறும் புழங்கும் சொற்கள் புனைதலுக்குத் துணை நிற்கின்றன.

‘நம்பகத்தன்மை’யையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம். அது வங்கிக்கும் சாட்சிக்கும் உரியது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கியன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பச்சைச் சூரியனைப் பற்றிப் பேசினார். பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அது நம்பும்படி இருக்கும் ஓர் உலகத்தை உண்டாக்குவதற்குத்தான் உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவநம்பிக்கையை வாசகர் தாமே ஒதுக்கி வைக்கிறார் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதியது டோல்கியனுக்குப் போதவில்லை. புனைவுலகுக்குள் இருக்கும்வரை வாசகர் உண்மையாகவே நம்புகிறார், சந்தேகம் எழுந்த கணமே வெளியே வந்துவிடுகிறார் என்றார். பச்சைச் சூரியனுக்குக் கீழே மஞ்சள் பூசிய முகம் என்ன நிறத்தில் தெரியும் என்று யோசிக்கிற எழுத்தாளரிடம் அந்தச் சந்தேகம் எழாது. அதற்கு ‘மெய்போலிருத்தல்’ போதும், ‘நம்பும்படி இருக்கிறது’ என்று வாக்கியமாகச் சொன்னால் இன்னும் நல்லது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. டிராகனை யாளி ஆக்காதீர்கள். யாளிக்குத் துதிக்கை உண்டு, சிங்க உடல் உண்டு, கோவில் தூணில் அதற்கென்று இடம் உண்டு, நெருப்புக் கக்கும் வழக்கம் அதற்கு இல்லை. தமிழ் விவிலியம் வலுசர்ப்பம் என்று சொல்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. பிடிக்காவிட்டால் டிராகன் என்றே எழுதுங்கள். வெளியூர் விலங்கு தன் பெயரோடு வருவதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை, உள்ளூர் விலங்கின் பெயரைப் பிடுங்கி அதற்குச் சூட்டினால் இரண்டுமே மங்கிப்போகும்.

மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு, உடனே எடுத்துப் பயன்படுத்த: ‘உலகக் கட்டமைப்பு சிறப்பு’ என்பதற்குப் பதில், ‘உலகத்தை நன்றாகப் புனைந்திருக்கிறார்.’ ‘உலகக் கட்டமைப்பில் ஓட்டைகள்’ என்பதற்குப் பதில், ‘புனைவுலகு பொருந்தி வரவில்லை’, கூடவே எது எதோடு பொருந்தவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.