பக்கவாதச் சிகிச்சை: அரசு தருவது என்ன, எத்தனை மணிக்குள்?

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை உறைகட்டி அடைப்பதால் வரும் பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும் என்பதால், அரசு மருத்துவமனையின் இலவசச் சிகிச்சை நேரத்தோடு வந்து சேர்ந்தவருக்கே முழுப் பயன் தருகிறது. அடைப்பால் இரத்தம் கிடைக்காத மூளைப்பகுதியின் நடுப்பாகம் சில நிமிடங்களில் இறந்துவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள பகுதி பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் சொற்ப இரத்தத்தைக் கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்; சிகிச்சை காப்பாற்றுவது இந்தப் பகுதியைத்தான்.

முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ திடீரெனத் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த வண்டிக்குக் கட்டணம் கிடையாது. வேதாரண்யப் பகுதியில் இருப்பவருக்குத் தஞ்சாவூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் என்பதால், ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கி மறுபடி வண்டி ஏறினால் கெடு அதிலேயே கழிந்துவிடும். ஆகவே அழைக்கும்போதே அறிகுறியைச் சொல்லி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே கொண்டுபோகக் கேட்பது நல்லது. இரத்தக்கசிவால் வரும் பக்கவாதமும் வெளிப்பார்வைக்கு இதே போல்தான் இருக்கும் என்பதால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் ஊசி போட மாட்டார்கள். அதே காரணத்தால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் புரையேறும் என்பதால் தண்ணீரும் கூடாது.

காலையில் எழும்போதே கை அசையவில்லை என்றால், அவர் நன்றாக இருந்ததை முந்தைய இரவு கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். கெடு தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். பெரிய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ள சிலருக்கு, 24 மணி நேரம் வரைகூட மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கட்டியை அகற்றுகிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. தனியார் மருத்துவமனை என்றால், அது திட்டத்தில் சேர்ந்திருப்பதோடு குறிப்பிட்ட சிகிச்சைக்கும் அனுமதி பெற்றதா என்று சேர்க்கும் முன்பே கேட்க வேண்டும். காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு புறப்படத் தாமதிப்பது பெரும் தவறு. அரசு மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை அட்டைக்காகக் காத்திருப்பதில்லை. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைப் பலர் இந்தக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சாலை விபத்துக்கு மட்டுமே உரியது.

வீடு திரும்பிய பிறகு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கும். இதற்கு ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்துகொள்ளலாம்.