க்ளீனிங் ஏஜென்சி வேலையா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு வீட்டில் நேரடியாகப் பேசி வேலைக்குச் சேருவது வேறு, ஏஜென்சியில் சேர்ந்து அவர்கள் அனுப்பும் வீடுகளுக்குப் போவது வேறு. முதலாவதை 'வீட்டுப் பணி' என்று சொல்லித் தொழிலாளர் சட்டங்கள் பல இடங்களில் ஒதுக்கிவிடுகின்றன. ஏஜென்சி அப்படியல்ல. அது லாபத்துக்கு நடக்கும் வியாபாரம், அங்கே முதலாளி என்று ஒருவர் இருக்கிறார். அதனால் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது முதலாளி யார் என்பதைத்தான். சில ஏஜென்சிகள் 'பார்ட்னர்', 'ஃப்ரீலான்சர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகின்றன. நேரம் குறிப்பது, யூனிஃபார்ம் கொடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் அவர்களே என்றால், பேரை மாற்றி எழுதியதால் மட்டும் பொறுப்பு கழன்றுவிடாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். ஆள் குறைவான ஏஜென்சி என்றாலும் கேட்டு வாங்குங்கள். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, எந்தத் தேதியில் பணம் வரும், இவையெல்லாம் அதில் இருக்கட்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

இந்த வேலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காலையில் அடையாறில் ஒரு வீடு, மதியம் வேளச்சேரியில் ஒரு வீடு. நடுவில் பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரம் யார் கணக்கு? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான பயணம் வேலை நேரத்தில் சேரும், பஸ் காசு ஏஜென்சி தரும் என்று எழுதி வாங்குவது நல்லது. வாயால் சொன்னது மாதக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது பிடித்தம். தகராறு அதிகம் வருவது இங்கேதான். மேடையைத் துடைக்கும்போது மிக்ஸி ஜார் விழுந்து உடைகிறது, வீட்டுக்காரர் ஏஜென்சிக்கு ஃபோன் போடுகிறார், மாதச் சம்பளத்தில் இரண்டாயிரம் குறைகிறது. இப்படி எடுத்த எடுப்பில் பிடிக்க முடியாது. உங்கள் கவனக்குறைவால்தான் உடைந்தது என்று இருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், பொருளின் நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. ஒரு மாதத்தின் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

அபராதத்துக்கும் எல்லை உண்டு: அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மொத்தமே 360 ரூபாய்தான். 'லேட்டாக வந்தால் ஒவ்வொரு முறையும் 500' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தாலும் அது நிற்காது.

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வர வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். இருபது பேர் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு. கையுறை, மாஸ்க் போன்ற பாதுகாப்புப் பொருட்களுக்கு உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது. பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைச் சொல்லிக் கொடுக்காமல் வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

'வேலையை விட்டபின் இரண்டு வருஷம் வேறு எங்கும் க்ளீனிங் வேலை செய்யக் கூடாது' என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் பிழைப்பைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. வேலையில் இருக்கும்போதே ஏஜென்சிக்குத் தெரியாமல் அவர்களுடைய வாடிக்கையாளரிடம் தனியாகப் பணம் வாங்கினால் மட்டும் கதை வேறு.

முன்பின் தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகும் பெண்களுக்கு 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. வேலைக்காகப் போகும் வீடும் அந்தச் சட்டப்படி பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகாரை விசாரிப்பது ஏஜென்சியின் உள் குழு, இல்லாவிட்டால் மாவட்டத்தின் உள்ளூர் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

வேலையை விட்டாலும் நிறுத்தினாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும். வரவில்லையா? தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். ஆனால் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதைக் காட்ட உங்களிடமும் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டியூட்டி மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஃபோன் மாற்றும்போது வேறு எங்காவது எடுத்து வையுங்கள்.